மருந்துக் குழாயை மென்ற ஆடு

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, பெரியம்மா தினமும் காலையில் தவறாமல் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். திருப்பரங்குன்றத்தில் விடியுமுன் அடுப்பில் ஏற்றி, தூக்குவாளியில் ஊற்றி, சூடு ஆறாமல் துண்டைச் சுற்றி, பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து எங்கள் தெருவரை நடந்து வருவாள். மூட்டுவலிக்காரி. மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குவது உள்ளே கேட்கும். அம்மா அந்தச் சூப்பைத் தொடவில்லை. அப்புறம் குடிக்கிறேன்க்கா என்று சொல்லி மூடி வைப்பாள். பெரியம்மா போன பிறகு அதை நான் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். கொட்ட மனம் வரவில்லை. காலைச் சமையலுக்கு எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை.

வாய்க்கசப்பு என்றுதான் நினைத்தேன். நிமோனியா முற்றி, மயக்கத்தில் வைத்து, வென்டிலேட்டர் மூச்சில் கிடந்து திரும்பியவளுக்கு நாக்கு எப்படி இருக்கும்?

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் வென்டிலேட்டர், மானிட்டர், மருந்து ஏற்றும் பம்ப் எல்லாவற்றையும் சரி பார்க்க வேண்டும். எதையும் புகார், காரணம், செய்த வேலை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. வீட்டுச் சண்டையைக்கூட மனதுக்குள் அப்படித்தான் பிரிப்பேன். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தத் தொழிலறிவு ஒரு கூடுதல் கஷ்டமாக இருந்தது. மற்றவர்களுக்கு உள்ளிருந்து வந்தது வெறும் சத்தம். எந்த அலாரம் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. வாசலில் நானும் பெரியம்மாவும்தான். நம்பிக்கையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், ஞாயிறு ஆராதனையில் பெரியம்மா எழுந்து நின்று ஒரு பொருத்தனை செய்தாள். பொருத்தனை என்றால் கடவுளிடம் கொடுக்கும் வாக்கு. வழக்கமாக, தான் செய்யப்போவதைத்தான் வாக்காகக் கொடுப்பார்கள். பெரியம்மா அம்மாவின் வாயை வாக்காகக் கொடுத்துவிட்டாள். தங்கச்சி பிழைத்தால், தங்கச்சியே இதே ஆலயத்தில் நின்று, கர்த்தர் தனக்குச் செய்ததையும் காட்டியதையும் சாட்சியாகச் சொல்லுவாள் என்று சபை கேட்கச் சொன்னாள். மயக்கத்தில் கிடப்பவளிடம் கேட்காமல் இப்படிச் செய்யலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்த வாரம் யார் எதைச் செய்திருந்தாலும் சம்மதித்திருப்பேன்.

வென்டிலேட்டர் குழாயை எடுத்த பிறகு அம்மா ஏதேதோ சொன்னாள். கூரையில் எறும்பு வரிசை போகிறது என்றாள். அப்பா கட்டில் ஓரம் நின்று கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லை என்று புகார் சொன்னாராம். டீச்சரான அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மானிட்டர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார்களாம். ஐசியூவில் இது சகஜம். டெலிரியம் என்பார்கள். மயக்க மருந்து, தூக்கக் கேடு, காய்ச்சல், இரவு பகல் தெரியாத விளக்கு என்று காரணங்களை நர்ஸ் சொல்லும் முன்பே நான் வரிசைப்படுத்திவிட்டேன்.

ஒருமுறை பெரியம்மா உள்ளே போனபோது, ஒரு ஆடு வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

“ஆட்டுக்குட்டியானவரைப் பாத்திருக்கா பாப்பா.”

சர்ச்சுக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஆட்டுக்குட்டி என்றால் இயேசு. காலண்டர், பாட்டு, ஆலயத்தின் கண்ணாடி ஜன்னல் எல்லாவற்றிலும் அது வெள்ளையாக இருக்கும். சாவின் ஓரத்தில் கிடப்பவள் ஆடு என்று சொன்னால், என்ன ஆடு, என்ன செய்தது என்று யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பெரியம்மாவும் கேட்கவில்லை.

நாங்கள் வீடு திரும்பும் முன்பே கதை வீட்டுக்கு வந்திருந்தது. ஜெபிக்க வந்த பெண்கள் சங்கத்தார் அம்மாவுக்கு அம்மாவின் தரிசனத்தைச் சொன்னார்கள். வெள்ளை ஆட்டுக்குட்டி கட்டிலருகே வந்ததாம். அறை முழுக்கப் பிரகாசமாம். முன்னங்காலைத் தூக்கி அவள் நெஞ்சில் வைத்ததாம், அந்த நிமிடம் மூச்சு வந்ததாம். அம்மா தலையணையில் சாய்ந்தபடி, பிள்ளைகள் தப்பாக ஒப்பிக்கும்போது கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் படியிறங்கியதும் என்னைக் கூப்பிட்டாள்.

“வெள்ளை இல்லடி. கருப்பு. தாடி வேற வச்சிருந்துச்சு.”

“என்ன செஞ்சுச்சு?”

“மருந்துக் குழாய மென்னுக்கிட்டு இருந்துச்சு. மென்னுக்கிட்டே என்னையப் பாத்துச்சு. எங்க ஹெட்மாஸ்டர் பாக்குற மாதிரி.”

பல வாரங்களுக்குப் பிறகு அன்று சிரித்தேன். அம்மாவும் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தாள். இருமல் நின்ற பிறகு சூப் விஷயத்தையும் சொன்னாள். வாளியைத் திறந்தாலே அந்த மூஞ்சிதான் ஞாபகம் வருகிறதாம். “அதோட காலக் கொண்டாந்து குடி குடிங்குறா. எப்படிக் குடிக்க? அவகிட்டச் சொல்லிராத, பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து தூக்கிட்டு வாரா.”

கீழ்வீட்டு அக்காவிடம் மட்டும் அம்மாவே சொல்லிவிட்டாள். இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். செக்கானூரணிப் பக்கம் இன்னும் வயல் உள்ள குடும்பம். அவருடைய அண்ணன் குலசாமிக்குச் சாமியாடுபவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, யாரைப் பாத்தீங்க டீச்சர், உங்க சாமியையா எங்க சாமியையா என்று கேட்டவர். கருப்பு, தாடி என்றதும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“அது கெடா டீச்சர். கருப்பனுக்கு நேந்துவிட்டதாத்தான் இருக்கும். இல்லாட்டி அதுக்கு ஐசியூக்குள்ள நுழையத் தைரியம் வருமா? வாசல்ல வாட்ச்மேன் ஆளையே விட மாட்டேங்குறான்.”

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அண்ணனிடம் கேட்டு வருகிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று அம்மா தடுத்தாள். ஏற்கெனவே ஒரு பொருத்தனை போதும்.

அந்த ஒன்றே போதுமானதாகத்தான் இருந்தது. அம்மா நடமாடத் தொடங்கியதும் பெரியம்மா நாள் குறிக்கச் சொன்னாள். மாதத்தின் முதல் ஞாயிறு, நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை. போதகரிடம் பேசியாயிற்று. அப்போதுதான் அம்மா ஆட்டின் நிறத்தைப் பெரியம்மாவிடம் சொன்னாள்.  நிறம் மட்டும் மருந்தினால் மாறித் தெரிந்திருக்கும் என்றாள் பெரியம்மா. எறும்பு மருந்து, சில்லறை மருந்து, மானிட்டர்மேல் ஏறிய பிள்ளைகள் மருந்து, தாடியும் மருந்துதான், ஆடு மட்டும் கர்த்தர் என்பது அவள் கணக்கு. எல்லாமே ஒரே மருந்து பெரியம்மா என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் கோபப்படவில்லை. பயந்துபோனாள்.

“உனக்குத் தெரியாது பாப்பா. பெரியப்பாவுக்கு நான் நேந்ததைச் செலுத்தாம ஆறப்போட்டேன். அடுத்த வருசம்னு சொன்னேன். என்ன ஆச்சு?”

பெரியப்பா முதல் மாரடைப்பில் பிழைத்தார். இரண்டாவதில் போய்விட்டார். இடையில் செலுத்தாமல் விட்ட ஒரு பொருத்தனை இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பெரியம்மாவைப் பொறுத்தவரை கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடவுளிடம்தான் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மா எழுந்து நின்று சொல்லியே ஆக வேண்டும். அதுவும், பிழைக்க வைத்தவருக்கு மகிமை சேரும்படி சொல்ல வேண்டும். இல்லையென்றால் தங்கச்சி போய்விடுவாள். இத்தனை மூட்டுவலியோடு அவள் சூப் தூக்கிக்கொண்டு வந்ததன் அடியில் இருந்தது அந்தப் பயம்தான்.

அம்மா என்னிடம், நீயே எழுதிக் குடு, படிச்சிட்டு உக்காந்திர்றேன் என்றாள். அது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட சாட்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு. வியாதி, டாக்டர்கள் கைவிட்டது, ஜெபம், அடையாளம், சுகம், ஸ்தோத்திரம். வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனில் தட்டி முடித்துவிட்டேன். சாயங்காலம் அம்மா அதை விடைத்தாள் மாதிரி திருத்தினாள். டாக்டர்கள் கைவிட்டார்கள் என்பதை எடுக்கச் சொன்னாள். யாரும் கைவிடவில்லை, அந்தச் சின்னப் பெண் டாக்டர் சாப்பிடாமல் நின்றாள் என்றாள். பிரகாசத்தை எடுக்கச் சொன்னாள். குரலை எடுக்கச் சொன்னாள். வெள்ளையை எடுக்கச் சொன்னாள். மறுநாள் வேறொன்று எழுதினேன், அதிலும் அதே திருத்தங்கள். கடைசியில் வியாதியும் ஸ்தோத்திரமும் மட்டும் மிஞ்சின. நடுவில் ஒன்றும் இல்லை.

“அப்ப என்னதான் எழுதணும்கிற?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அன்று மேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு பம்ப்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தேன். அம்மா விளக்கை அணைக்கச் சொன்னாள்.

அந்த வாரத்தில் மறுபரிசோதனைக்குப் போனோம். நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பும்போது உடனே வீட்டுக்கு வேண்டாம், ஜெபிக்க யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அம்மா சொன்னாள். ஆட்டோவைக் கீழக்குயில்குடிக்கு விடச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போன பழக்கத்தில் அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. படியேறத் தெம்பு கிடையாது. தாமரைக்குளத்துக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து, சமணர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டைத் தவிர வேறு எதையாவது பார்த்தாயா என்று கேட்டேன். ஆட்டுக்குப் பிறகு ஒன்று இருந்தது என்று அவள் சொன்னது அங்கேதான் முதல்முறை. என் வழக்கப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். வெளிச்சமா? இல்லை. இருட்டா? அதுவும் இல்லை. ஆளா? இல்லை. சத்தம்? இல்லை. இடமா? யோசித்து, இடம் மாதிரி இல்லை என்றாள். பயமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா என்றேன். ரெண்டும் சின்ன வார்த்தை என்றாள். கேட்பதற்கு என்னிடம் வேறு கேள்வி இல்லாமல் போனது.

“அதுக்கு என்னையத் தெரிஞ்சிருந்துச்சு,” என்றாள் அம்மா. “எனக்கு அதத் தெரியல. அம்புட்டுத்தான்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் இப்படி ஆகும், மயக்க மருந்தைக் குறைக்கும் நேரத்தில் இப்படி ஆகும், நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவள் மறுக்கவில்லை. இருக்கலாம் என்று தலையாட்டினாள். ஆடு மருந்துதான் என்று ஒத்துக்கொள்ளத் தன்னால் முடிகிறது, இதை முடியவில்லை என்றாள். இரண்டும் ஒரே குழாய் வழியாகத்தான் வந்தன, ஆனாலும் வித்தியாசம் தனக்குத் தெரிகிறது, எனக்குக் காட்டத்தான் தெரியவில்லை என்றாள். மலையைக் காட்டி, அந்தக் கல்படுக்கையில் காலமெல்லாம் படுத்துக் கிடந்த சமண முனிவர்களை யாராவது முதல் ஞாயிறு சாட்சி சொல்லக் கூப்பிட்டார்களா என்று கேட்டாள். பாதி விளையாட்டாகத்தான்.

எங்கள் வேலையில் ஒரு வாசகம் உண்டு. கருவி நின்றுபோனது என்று புகார் வரும். நாங்கள் போகும்போது அது நன்றாக ஓடும். எத்தனை தடவை ஓட்டினாலும் ஓடும். அப்போது, பார்த்த நேரத்தில் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். புகார் பொய் என்று அர்த்தம் இல்லை. நான் போனபோது அது இல்லை, அவ்வளவுதான். அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அம்மாவிடம் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

முதல் ஞாயிறு வந்தது. பெரியம்மா புதுச்சேலை கட்டி, முக்காட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுதிய தாளை அம்மா வேதபுத்தகத்துக்குள் வைத்திருந்தாள். போதகர் கூப்பிட்டதும் புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் பேசினாள். தான் வியாதியாகக் கிடந்ததைச் சொன்னாள். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நன்றி சொன்னாள். அக்காவின் ஜெபத்தைச் சொன்னாள். பிறகு ஆட்டுக்கு வந்தாள்.

“ஆட்டப் பாத்தேன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. பாத்தேன். அது கருப்பு ஆடு, தாடி வச்சது, என் மருந்துக் குழாய மென்னுச்சு. அது மருந்தால வந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன். அப்புறம் இன்னொண்ணும் இருந்துச்சு. அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி கர்த்தர் சந்நிதியில சொல்லப் பயமா இருக்கு. உயிரோட இருக்கேன். ஸ்தோத்திரம்.”

வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் காது கேட்காத தாத்தா ஒருவர் மட்டும் பலமாக ஆமென் சொன்னார்.  போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். வெளியே வந்தபோது சிலர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் வேறு பக்கம் பார்த்தபடி செருப்பைத் தேடினார்கள். மருந்து இன்னும் ஒத்துக்கலையா டீச்சர் என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார். பெரியம்மா எங்களுக்காக நிற்கவில்லை. முக்காட்டை எடுக்காமல் நேரே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

மறுநாள் சூப் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அம்மா காலையில் படிச்சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்த வாரம் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மழையில் நனைந்த துணியை எடுக்கப் போனதால் வந்தது. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் இரவெல்லாம் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பெரியம்மாவின் கடவுள் திரும்ப எடுத்துக்கொள்ள வந்துவிட்டாரோ என்று, அவரை நம்பாத நானே பயந்தேன். அக்காகிட்டச் சொல்லாத என்று மட்டும் அம்மா சொன்னாள். காய்ச்சல் தானாகவே இறங்கியது.

அது இறங்கிய மறுநாள், நான் வேலைக்குப் பையை எடுத்து வைக்கும்போது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். பெரியம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், வாளித் துண்டை அவிழ்த்து, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். பச்சையாக இருந்தது. முருங்கைக்கீரை சூப். பூண்டு வாசம் அடித்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். பெரியம்மாவே யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அம்மா வாங்கி மடமடவென்று குடித்தாள். பெரியம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாடியவாவது சொல்லாம விட்டிருக்கலாம்ல,” என்றாள்.

அம்மா டம்ளருக்குள் சிரித்தாள். பெரியம்மா சிரிக்கவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, “அந்த இன்னொண்ணு, கர்த்தர்தானே?” என்று கேட்டாள். அத்தனை மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

 அம்மா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிவிடம்மா, எல்லோரும் தூங்கலாம் என்று எனக்குள் வேண்டிக்கொண்டேன்.

“தெரியலக்கா,” என்றாள். “தெரிஞ்சா உன்கிட்டச் சொல்ல மாட்டேனா?”

பெரியம்மா அதை வாங்கிக்கொண்டாள். ஏற்றுக்கொண்டாளா என்று தெரியவில்லை. தங்கச்சியின் நெற்றியில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். அவளுக்குச் சொல்லாத அந்தக் காய்ச்சல் முந்தின நாளே போயிருந்தது.

“சரி. எந்திரிச்சு நின்னு சொல்லிட்டேல்ல. செலுத்தியாச்சு,” என்றாள். சொன்னது அம்மாவிடமா, மேலேயா என்று புரியவில்லை. இன்னொரு டம்ளர் ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு நேரமாகிவிட்டது. போறேன் பெரியம்மா என்றேன். போகும்போது வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போ என்றாள். வாளியில் எனக்கென்று ஒரு சொட்டுகூட மிச்சம் இல்லை. இரண்டாவது டம்ளரையும் சேர்த்து அம்மாவே எல்லாவற்றையும் குடித்துவிட்டாள். ஆரப்பாளையத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.